பள்ளியை நிறுத்தும் முன்: வீட்டுக் கல்வி குறித்துச் சில சொற்கள்

“டாக்டர், இனி இவனைப் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை. வீட்டிலேயே படிக்கட்டும். ஒரு சான்றிதழ் மட்டும் எழுதிக் கொடுங்கள்.” எங்கள் வளரிளம் பருவ நலப் பிரிவில் பெற்றோர் அடிக்கடி முன்வைக்கும் வேண்டுகோள் இது. காலைதோறும் வீட்டில் நிகழ்ந்த அழுகையும் சச்சரவும் அதன் பின்னே இருக்கின்றன என்பதை அறிவோம். எனினும் உடனே இசைவதில்லை. அதற்குக் காரணம் நாங்கள் செய்த ஒரு தவறே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்து வந்தனர். பள்ளி நாட்களில் காலையில் வயிற்று வலி, ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் குறையேதும் காணப்படவில்லை. இரண்டு வாரம் ஓய்வெடுக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரம் நான்கு மாதமாயிற்று. வலி நின்றது, அவன் அறையைவிட்டு வெளியே வருவதும் நின்றது. இரவெல்லாம் கைபேசி, பகலெல்லாம் உறக்கம்.

அதன் பிறகே அவனிடம் ஒரு பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக் கூட்டிப் படித்தான். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு அத்தனை ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. அவன் அஞ்சியது பள்ளியை அன்று. வகுப்பில் எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டிய அந்த ஐந்து நிமிடங்களை. காரணத்தைத் தேடும் முன் நாங்கள் இடத்தை மாற்றிவிட்டோம்.

முதலில் காரணம்

படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பார்வை, செவித்திறன், உறக்கம், இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து நினைவு தப்பும் ஒருவகை வலிப்பு, கவனக்குறைவு போலவே தோன்றும். கற்றல் குறைபாடு, மனச்சோர்வு, பதற்றம், சக மாணவரின் கேலியும் துன்புறுத்தலும் அடுத்து ஆராயத்தக்கவை. கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. உரிய சான்றிதழ் இருப்பின் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பெறலாம். பள்ளியை விடாமலே தீரக்கூடிய இடர்கள் பல.

வீடு பொருந்தும் வேளை

நீண்ட சிகிச்சையால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைக்கும், துன்புறுத்தலைப் பள்ளி தடுக்கத் தவறியபோதும் வீட்டுக் கல்வி நல்ல வழியாகலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு. உடல்நிலை இடம் தரும்போது ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம்.

முடிவெடுக்கும் முன் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை காணுங்கள். பகலில் உடனிருப்பவர் யார்? மாலையில் கணக்குக்காகக் கடிந்துகொள்ளும் தாயே இரவில் ஆறுதலும் கூற இயலுமா, அல்லது வேறோர் ஆசிரியர் தேவையா? வாரந்தோறும் ஒத்த வயதினரை எங்கே சந்திப்பான்? எழும் நேரமும் உறங்கும் நேரமும் எவை? எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை என்ன விரும்புகிறான்? முடிவு எதுவாயினும் மூன்று மாதத்திற்குப் பின் ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்து, அன்று மீண்டும் ஆராயுங்கள். பள்ளியிலிருந்து விலகியிருக்கும் நாட்கள் கூடக்கூடத் திரும்புவது கடினமாகும் என்பதையும் மறவாதீர்கள்.

சாக வேண்டும் என்னும் பொருளில் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் தேதிக்காகக் காத்திராதீர்கள். உடனே அழைத்து வாருங்கள், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் இலவச உதவி எண் 14416, இரவு பகலாக இயங்குகிறது.

அம்மாணவன் மறு கல்வியாண்டில் பள்ளிக்குத் திரும்பினான். உரக்க வாசிக்க அழைப்பதில்லை என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். சிறப்புப் பயிற்சியும் தொடர்ந்தது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றான். மதிப்பெண்கள் மிகுதி அல்ல. காலை வயிற்று வலி மட்டும் திரும்பவில்லை. இப்போது சான்றிதழ் கேட்டு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “பிள்ளையின் புத்தகப் பையைக் கொண்டு வந்திருக்கிறீர்களா?”