இடவலம் மாறிய எழுத்துகள்



அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், 2017 நவம்பர் 17 அன்று விவிலிய அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. 1920-களில் உணவுப் பொருள்கள் கெடாமல் காக்கும் குளிர்பதனக் கிடங்காக எழுந்த கட்டடம் அது. பழைய செங்கல் சுவர்களைக் காத்து, மேலே கண்ணாடியால் புதிய தளங்களை எழுப்பி, அதை இறைவார்த்தையின் வரலாற்றுக்கு இல்லமாக்கினார்கள்.

வாசலின் வெண்கலக் கதவுகள் ஏறத்தாழ 40 அடி உயரம். 15-ஆம் நூற்றாண்டில் கூட்டன்பர்க் அச்சிட்ட இலத்தீன் விவிலியத்திலிருந்து, தொடக்க நூலின் படைப்பு வரலாறு அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் எழுத்துகள் இடவலம் மாறி நிற்கின்றன. இது தவறு அல்ல. அச்சு எழுத்து அப்படித்தான் இருக்கும். மை பூசித் தாளில் பதித்தால்தான் அது நேராகத் தெரியும்.

உள்ளே, ஆண்டவர் வாழ்ந்த காலத்து நாசரேத்தை நினைவூட்டும் கல் வீடுகளும் தொழுகைக்கூடமும் கொண்ட ஒரு சிற்றூரையே அமைத்திருக்கிறார்கள். மற்றொரு தளத்தில், சுருள்கள் தொடங்கி அச்சு நூல்கள் வரை விவிலியம் நம்மிடம் வந்துசேர்ந்த வழியைக் காண்கிறோம்.

அங்கேதான் ஒரு சோதனையும் வந்தது. சாக்கடல் சுருள்களின் பகுதிகள் என நம்பி வாங்கிய 16 துண்டுகள் அருங்காட்சியகத்திடம் இருந்தன. அறிஞர்கள் ஐயம் எழுப்பினார்கள். 2018-இல், ஆய்வுக்கு அனுப்பப்பட்ட ஐந்து துண்டுகள் காட்சியிலிருந்து அகற்றப்பட்டன. 2020 மார்ச்சில் பதினாறுமே போலி என்று முடிவு வந்தது. தோல் பழையது, அதன்மேல் எழுதிய மையோ நம் காலத்தது! ஆய்வுக்கு ஏற்பாடு செய்ததும், முடிவை உலகுக்கு அறிவித்ததும் அந்த அருங்காட்சியகமே.

இதனால் இறைவார்த்தைக்கு இழுக்கு வந்ததா? இல்லை. இறைவார்த்தை அந்தத் துண்டுகளை நம்பி நிற்கவில்லை. போலியை மறைத்திருந்தால்தான் இழுக்கு. உண்மை நமக்கு விடுதலை அளிக்கும் என்று கற்பித்தவர் நம் ஆண்டவர் (யோவான் 8:32). அவருடைய பெயரைக் காக்கப் பொய் தேவையில்லை.

நாம் என்ன செய்கிறோம்? கைப்பேசியில் வரும் ஒரு புதுமைச் செய்தியை, உண்மையா என்று கேளாமலே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். தவறு என்று தெரிந்த பின்னும், "பக்திதானே வளர்கிறது" என்று விட்டுவிடுகிறோம். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்று பெருமை பேசுகிறோம். தோல் பழையதுதான், அதன்மேல் நாம் எழுதும் மை எது?

நாமே கிறிஸ்துவின் மடல் என்கிறார் திருத்தூதர் பவுல் (2 கொரிந்தியர் 3:3). அந்தக் கதவின் எழுத்துகள் பதிவதற்காகக் காத்திருப்பதுபோல, ஞாயிறுதோறும் நாம் கேட்கும் இறைவார்த்தையும் நம் வாழ்வில் பதியக் காத்திருக்கிறது. நம்மில் பதியும்போதுதான் அயலார் அதை நேராக வாசிப்பர்.

இந்த வாரம் ஒரு செய்தியைப் பகிருமுன் ஒரு நொடி நின்று, "இது உண்மையா?" என்று கேட்போம். தவறாகப் பகிர்ந்திருந்தால், தவறு என்று சொல்லும் துணிவை ஆண்டவரிடம் கேட்டு மன்றாடுவோம். ஆமென்.