மலைமேல் எளிய விடுதி

மலைவாசம் செல்வர்க்கே உரியதென்பது நம்மிற் பலர் கருத்து. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொணர்ந்த பின்னர், சேர்வராயன் மலை நெடுநாள் துரைமாரின் சுகவாசஸ்தலமாகவே விளங்கிற்று. இன்றோ சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைப் பேருந்திற் கடந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டை எவரும் அடையலாம். சிறு செலவில் தங்குவதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று; முன்யோசனையே.

முதலாவது, காலம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடுந்தோறும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறைதலின், சேலம் கொதிக்கும் மே மாதத்திலும் இங்கே இரவு இதமாயிருக்கும். ஆயினும் கோடைவிழாவால் கூட்டமும் வாடகையும் மிகும். ஏரியின் மிகுநீரைப் பெறும் கிளியூர் அருவியோ கோடையில் வறண்டுவிடும். அருவியை விரும்புவோர் மழைக்குப்பின் செல்க, கம்பளியை மறவற்க.

இரண்டாவது, இடம். ஏரியருகே தங்கினால் கடைவீதி நடைதூரமே. காப்பித் தோட்டங்களிடையே கரடியூர்ப் பக்கம் தங்கினால் அமைதியும் பள்ளத்தாக்கின் காட்சியும் வாய்க்கும். உணவும் ஊர்தியும் அத்துணை எளிதன்று. ஆகவே இரவுணவு, வெந்நீர், போர்வை, திரும்பும் பேருந்தின் நேரம் ஆகிய நான்கையும் முன்பணம் அனுப்புமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். துரைமார் வருமுன்பே இம்மலையிற் குடியிருந்தோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். சேர்வராயன் கோயில் அவர்கள் வழிபடும் இடம். நாம் வாடகை கொடுப்பது அறைக்கு மட்டுமே, மலைக்கன்று. அங்கே நாம் விருந்தினர் என்பதை நினைந்து, குப்பையின்றித் திரும்புவோமாக.