பொன்முடியில் பிளம் காய்க்குமா?

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கல்லாற்றைக் கடந்து இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்றால் பொன்முடியை அடையலாம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. கீழே கடற்கரையில் வியர்வை வழிய நின்றவர், மேலே வந்ததும் போர்வையைத் தேடுகிறார். ஆகவே, குளிர்நாட்டுப் பழமரங்களுக்கு இவ்விடம் ஏற்றது என்ற எண்ணம் எழுவது இயல்பே. அதிலும், வட அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளிகளில் உறைநிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரையும் தாங்கி நிற்கும் கலப்பினப் பிளம் மரங்களைப் பற்றிக் கேள்வியுற்றவர், “அத்தகைய கடுங்குளிரையே பொறுத்த மரம் பொன்முடியின் இளங்குளிரில் செழித்து வளராதா?” என்று வினவக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும் அம்மரம் இங்குக் காய்க்காது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், வெளியூரிலிருந்து வரும் எந்தப் பழக்கன்றையும் எடைபோடும் முறை விளங்கிவிடும்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘பிளம்’ என்ற பெயர் நம் நாட்டில் பல பழங்களுக்கு வழங்கிவருகிறது. இலந்தையை இந்தியப் பிளம் என்றும், நாவலை ஜாவா பிளம் என்றும் ஆங்கில நூல்கள் குறிக்கின்றன. இவற்றிற்கும் உண்மையான பிளமுக்கும் உறவில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் ஆல்பகோடா என்று விற்கப்படும் உலர்ந்த பழமே மெய்யான பிளம் இனத்தைச் சேர்ந்தது. பீச், வாதுமை, செர்ரி, சர்க்கரை பாதாமி ஆகியவையும் புரூனஸ் என்னும் இதே பேரினத்தைச் சார்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் இப்பேரினத்தின் ஓர் உறுப்பு உண்டு. தாவரவியலார் அதனைப் புரூனஸ் சீலானிகா என்பர். ஆண்டு முழுவதும் பச்சை இலைகளுடன் நிற்கும் அம்மரம் குளிர்கால உறக்கத்தை அறியாதது. அதன் வட அமெரிக்க உறவினரோ ஆண்டில் ஏறத்தாழப் பாதியை உறக்கத்திலேயே கழிப்பவர்கள்.

பிரெய்ரியின் சோதனை

கனடாவின் மானிடோபா, சஸ்காச்சவான், ஆல்பர்ட்டா மாகாணங்களும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட, தென் டகோட்டா மாநிலங்களும் அடங்கிய சமவெளி, மலைத்தடுப்பின்றி வட துருவக் காற்றுக்குத் திறந்து கிடப்பது. அங்குச் சில இரவுகளில் வெப்பநிலை −40 பாகைக்கு இறங்குவதுண்டு. (சென்டிகிரேடு, பாரன்ஹீட் ஆகிய இரு அளவைகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் இதுவே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.) சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்குக் குடியேறியவர்கள் ஐரோப்பாவிலிருந்தும் கீழ்க்கரை மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த பழமரங்களுள் பெரும்பாலானவை அக்குளிரில் மடிந்தன. ஓடைக் கரைகளில் புதராக வளர்ந்திருந்த காட்டுப் பிளமோ உயிரோடு நின்றது. அதன் கனி சிறியது, தோல் தடித்தது, துவர்ப்பு மிக்கது. ஆயினும் அப்பகுதியின் பழங்குடி மக்கள் அதனை உண்டும் உலர்த்தி வைத்தும் பயன்படுத்தி வந்தனர்.

இக்காட்டுப் பிளமின் உறுதியையும் ஆசியப் பிளமின் சுவையையும் ஒரே மரத்தில் சேர்க்க முயன்றவர்களுள் முதன்மையானவர் நீல்ஸ் எப்பசன் ஹான்சன். 1866-இல் டென்மார்க்கில் பிறந்த இவர், தென் டகோட்டாவின் புரூக்கிங்ஸ் நகரிலிருந்த விவசாயக் கல்லூரியில் பணியாற்றினார். 1897-இல் அமெரிக்க விவசாயத் துறையின் சார்பில் ரஷ்யாவுக்கும் சைபீரியாவுக்கும் சென்று, குளிர் தாங்கும் பயிர்களைத் தேடிக் கொணர்ந்தார். பிளம் விஷயத்தில் அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் இரக்கமற்றது. ஏராளமான கலப்பு நாற்றுகளை வளர்த்து, யாதொரு காப்புமின்றித் திறந்த வெளியில் குளிர்காலத்தைக் கழிக்க விட்டார். பிழைத்தவற்றுள் நல்ல கனி தந்தவை மட்டும் பெயர் பெற்றன.

1908-இல் அவர் வெளியிட்ட ‘ஓப்பாட்டா’, ‘சாபா’ என்னும் வகைகள், முழங்கால் உயரமே வளரும் மணற்செர்ரிப் புதரை ஜப்பானியப் பிளம் வழி வந்த வகைகளுடன் கலந்ததால் பிறந்தவை. சாபா என்பது டகோட்டா மக்களின் மொழியில் கருமையைக் குறிக்கும் சொல். அப்பழத்தின் சதை கருஞ்சிவப்பாக இருப்பதால் பெயர் பொருந்துகிறது. 1911-இல் ‘டோக்கா’வும், 1913-இல் பெரிய பழம் தரும் ‘வனீட்டா’வும், 1917-இல் கனடியக் காட்டுப் பிளமைத் தாயாகக் கொண்ட ‘பெம்பினா’வும் வந்தன. மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் 1933-இல் ‘சுப்பீரியர்’ என்ற வகையை வெளியிட்டது. மானிடோபாவின் மார்டன் ஆராய்ச்சி நிலையமும் இப்பணியில் ஈடுபட்டது.

ஐரோப்பியப் பிளமை விட்டு ஜப்பானியப் பிளமை இவர்கள் நாடியதற்கு உயிரியல் காரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்கக் காட்டுப் பிளமின் உயிரணுவில் 16 நிறக்கோல்கள் உள்ளன. ஜப்பானியப் பிளமிலும் 16. ஐரோப்பியப் பிளமிலோ 48. எண்ணிக்கை ஒத்திருப்பதால் முதலிரண்டும் எளிதில் கலந்து, வளமுள்ள சந்ததியைத் தருகின்றன.

இக்கலப்பினங்களில் ஒரு குறையும் உண்டு. ஒரே வகையைத் தனியே நட்டால் மரம் நிறையப் பூக்கும். காய் பிடிப்பது அரிது. அருகில் காட்டுப் பிளமோ டோக்காவோ நின்று மகரந்தம் தர வேண்டும். பழத்தோட்டத்தை அமைத்தவர் பலர் இதனை அறியாது ஏமாந்திருக்கின்றனர்.

குளிரைத் தாங்குவது எவ்வாறு?

குளிர் தாங்குதல் என்பதை உடல் வலிமை போன்ற ஒரு பொதுத் திறன் என்று பலர் கருதுகின்றனர். பிளம் மரத்தில் அது கால ஒழுங்கு சார்ந்த செயலாகும். கோடையிலேயே அடுத்த ஆண்டுக்குரிய பூ மொட்டுகள் உருவாகிவிடுகின்றன. பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கியதும் மரம் இலையை உதிர்த்து உறக்கநிலையை அடைகிறது. அப்போது மொட்டுக்குள் இருக்கும் நீர், உறைநிலைக்கு மிகக் கீழே சென்றும் பனிக்கட்டியாகாமல் நீராகவே நிற்கும் ஆற்றலைப் பெறுகிறது. கட்டையின் உயிரணுக்களுக்கும் இவ்வாற்றல் உண்டு. அதன் எல்லை ஏறத்தாழ −40 பாகை. அதற்கும் கீழே நீர் தானே உறைந்து உயிரணு சாகும்.

ஆனால் பிரெய்ரியில் மரத்தைக் கொல்வது நடுக்குளிர் மட்டுமன்று. குளிர்காலத்தின் இடையே சில நாட்கள் இதமான காற்று வீசி, பனி உருகி, பின்னர் மீண்டும் கடுங்குளிர் வந்துவிடும். அந்த இதத்தை வசந்தம் என்று நம்பி விழித்த மரம் மறு வாரமே மாளும். ஆகவே அங்கு வாழத் தகுந்தது, எளிதில் ஏமாறாத மரமே. உட்புற உறக்கம் கலைவதற்கு முன் குறிப்பிட்ட அளவு குளிரை அது அனுபவித்தாக வேண்டும். அக்கணக்கு நிறையும்வரை எவ்வளவு வெப்பம் வந்தாலும் மொட்டு அசையாது. கணக்கு நிறைந்த பின்னரே வெப்பத்துக்கு இணங்கி மலரும்.

இக்கணக்கைத் தோட்டக்கலையார் ‘குளிர்மணி’ என்ற அலகால் அளக்கின்றனர். 7 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே வெப்பநிலை நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குளிர்மணி என்பது பழைய எளிய முறை. 1974-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீச் மரங்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி இதனைத் திருத்தியது. உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிர் கணக்கில் பெரிதும் சேருவதில்லை என்றும், 16 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் சேர்ந்த கணக்கைக் கரைத்துவிடுகிறது என்றும் அது காட்டியது. இரவில் ஈட்டியதைப் பகல் செலவழித்துவிடுவது போல என்று கொள்ளலாம்.

பொன்முடியின் கணக்கு

இனிப் பொன்முடிக்கு வருவோம். திருவனந்தபுரத்தில் ஜனவரி மாத இரவின் குறைந்த வெப்பநிலை சராசரியாக 22 பாகையை ஒட்டியது. உயரம் நூறு மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 0.65 பாகை குறையும் என்ற பொது விதிப்படி, 1,100 மீட்டருக்கு 7 பாகை குறைகிறது. எனவே பொன்முடியின் குளிர்ந்த இரவுகளும் 15 பாகை அளவினவே. 7 பாகை என்ற கோட்டை அவை நெருங்குவதேயில்லை. சேரும் குளிர்மணி பூஜ்யம் என்றே கொள்ள வேண்டும். நம் உடலுக்கு இது குளிர். பிளம் மொட்டுக்கு இது குளிரே அன்று.

அத்தகைய இடத்தில் பிரெய்ரிக் கன்றை நட்டால் அது உடனே பட்டுப்போகாது. இதுதான் ஏமாற்றத்தின் வேர். முதலாண்டில் தளிர்க்கும்; கன்று பிழைத்தது என்று விவசாயி மகிழ்வார். அடுத்தடுத்த ஆண்டுகளில் நுனிமொட்டுகள் மட்டும் தாமதமாக இலைவிட, பக்கமொட்டுகள் திறவாமல் கிளைகள் மொட்டையாக நிற்கும். பூ மொட்டுகள் காய்ந்து உதிரும். ஒன்றிரண்டு பூத்தாலும் ஒன்று முடிந்த பின் மற்றொன்று பூக்கும். மரம் காய்க்காது என்று ஐயமறத் தெரிவதற்கு நான்கைந்து ஆண்டுகள் சென்றுவிடும். கன்றின் விலை சிறிதே; மிளகுக் கொடியோ சாதிக்காயோ வளர்ந்திருக்கக்கூடிய நிலம் அத்தனை ஆண்டுகள் வீணானதே பெரிய நஷ்டம். பிரெய்ரியில் மரத்தைக் காத்த அதே எச்சரிக்கைக் குணம், வராத குளிர்காலத்துக்காக அதனை இங்குக் காத்திருக்கச் செய்கிறது.

தென்னாட்டில் பிளம் அறவே விளையாதது அன்று. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும், கேரளத்தில் மறையூருக்கு அப்பால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள காந்தளூர்ப் பகுதியிலும் இது பயிராகிறது. தை, மாசியில் இலையற்ற கிளைகளில் வெண்பூ மலர்ந்து, சித்திரை முதல் ஆனி வரையில் பழம் சந்தைக்கு வரும். குன்னூர்ப் பழ ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகளாக மலைப்பழக் கன்றுகளைப் பேணிவருகிறது. மலைத்தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டவற்றுள் ருபியோ, ஹேல், அபண்டன்ஸ், கவியோட்டா, ஷிரோ, சட்சுமா ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

இப்பெயர்களுள் ஒரு வியப்பு அடங்கியுள்ளது. கலிபோர்னியாவின் லூதர் பர்பாங்க் 1885-இல் ஜப்பானிலிருந்து 12 பிளம் கன்றுகளைத் தருவித்தார். சட்சுமா அவற்றிலிருந்து வந்தது. ஷிரோவும் கவியோட்டாவும் அவர் பின்னர் உருவாக்கியவை. இமாசலப் பிரதேசத்தில் பெருவாரியாகப் பயிராகும் ‘சாண்டா ரோசா’வும் 1906-இல் அவர் வெளியிட்டதே. அதே 12 கன்றுகளுள் ஒன்றிலிருந்து வந்து அவர் பெயரையே தாங்கிய ‘பர்பாங்க்’ பிளம், ஹான்சனின் ‘காகா’வுடன் கலந்து, மின்னசோட்டாவின் சுப்பீரியரைத் தந்தது. ஆக, நீலகிரியில் நிற்கும் மரமும் பிரெய்ரியில் நிற்கும் மரமும் நெருங்கிய உறவினர்களே. ஒரு கிளை பெரும்பாலும் ஜப்பானிய இரத்தத்தோடு தெற்கே வந்தது. மற்றொன்று காட்டுப் பிளமின் எச்சரிக்கையைப் பெற்று வடக்கே சென்றது.

குளிர் குறைந்த இடத்துக்கென்றே தேர்ந்த வகைகளும் நம் நாட்டில் இருக்கின்றன. பஞ்சாப் சமவெளியில் ‘சட்லெஜ் பர்ப்பிள்’ என்னும் வகை பயிராகிறது; அதற்கு மகரந்தம் தர ‘காலா அமிர்தசரி’யை இடையிடையே நடுகின்றனர். பிரெய்ரியில் டோக்கா செய்யும் தொண்டை இங்குக் காலா அமிர்தசரி செய்கிறது. எனினும் பஞ்சாபின் மார்கழி, தை மாத இரவுகள் பொன்முடியின் இரவுகளைவிட மிகவும் குளிர்ந்தவை என்பதை மறத்தலாகாது. உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்பவர், ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மலையைவிட ஒரு சமவெளி குளிர்ந்திருக்கக்கூடும் என்பதை நம்பத் தயங்குவார்.

உறக்கத்தையே தவிர்த்துவிடும் உபாயம் ஒன்றும் உலகில் உண்டு. கிழக்கு ஜாவாவில் பாத்து என்ற ஊரைச் சுற்றி, பொன்முடியை ஒத்த உயரத்தில் ஆப்பிள் விளைகிறது. அறுவடைக்குப் பின் சில வாரங்களில் இலைகளைக் கையால் உருவிவிட்டு, கிளைகளை வளைத்துக் கட்டுகின்றனர். மொட்டு ஆழ்ந்த உறக்கத்தில் புகுமுன்பே எழுப்பப்படுவதால், ஆண்டுக்கு இரு போகம்கூடக் கிடைக்கிறது. ஆனால் அது ஆப்பிளில், குறைந்த குளிர் கேட்கும் வகைகளில், கூலியாட்கள் மலிந்த இடத்தில் வென்ற முறை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் பொன்முடியில், மழையில் வெடித்து அழுகும் பிளமுக்கு அதனைப் பரிந்துரைப்பது அவசரமாகும்.

கன்று வழங்கும் ஊழியர் கேட்க வேண்டியவை சிலவே. அவ்வகைக்கு எத்தனை குளிர்மணி வேண்டும்? எந்த வகை அதற்கு மகரந்தம் தரும்? விதைக்கன்றா, ஒட்டுக்கன்றா? பிளமின் விதையிலிருந்து எழும் கன்று தாயின் குணத்தைப் பெறுவதில்லை. பீச் போன்ற வேர்ச்செடியில் ஒட்டிய கன்றே நம்பத்தக்கது. ‘கடுங்குளிர் தாங்கும்’ என்ற சீட்டு கன்றில் கட்டியிருந்தால், தென்மலைகளுக்கு அது பரிந்துரை ஆகாது; பெரும்பாலும் எச்சரிக்கையே ஆகும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. மலைப்பகுதிப் பள்ளியின் வடபுறச் சுவரில், வெயில் படாத நிழலில், குறைந்த வெப்பநிலை காட்டும் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, டிசம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி இறுதிவரை நாள்தோறும் காலை முதல் மணிக்கு முன் மாணவர் ஒருவர் அளவைக் குறித்துவரட்டும். 7 பாகைக்குக் கீழே சென்ற நாட்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிடலாம். மூன்று குளிர்காலங்களின் ஏடு கையிலிருந்தால், அவ்வூரில் எந்தப் பழமரத்துக்கு இடமுண்டு என்பதைத் தோட்டக்கலை அலுவலர் அந்த ஏட்டைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானித்துவிட முடியும்.