கடவுத்தொடரைக் கேட்பது யார்?

இணையச் சேவையகம் ஒன்று தன் மறைத்திறவுகோலை ஒரு கோப்பில் வைத்திருக்கும். அக்கோப்பைக் களவாடுவோர்க்கு அது பயன்படாதிருக்க, கோப்பும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதனைத் திறப்பதற்குரிய கடவுத்தொடர் மனிதரின் நினைவில் மட்டுமே இருக்கும். கணக்கீட்டில் வல்ல மறையாக்க நூலகமும் இங்கே மனிதரிடம் கேட்டு நிற்கவேண்டியுள்ளது.

நூலகம் என்பது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் செயற்கூறுகளின் தொகுப்பாகும். தன்னை அழைக்கும் நிரல் எத்தகையது என்பதை அது அறியாது. முனையத்தின் முன் ஒருவர் அமர்ந்திருக்கலாம். சாளரங்களைக் காட்டும் செயலியாகவும் இருக்கலாம். நள்ளிரவில் ஆளில்லா அறையில் தானே தொடங்கும் சேவையகமாகவும் இருக்கலாம். நூலகமே கேள்வியை அச்சிட்டு விடைக்குக் காத்திருந்தால், அச்சேவையகம் விடியும்வரை அசையாது நிற்கும்.

சி மொழியில் எழுதப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் இதற்குக் கண்ட முதல் வழி எளியது. நிரல் தன் செயற்கூறு ஒன்றின் முகவரியை நூலகத்திடம் கொடுத்துவைக்கும். கடவுத்தொடர் தேவைப்படும்போது நூலகம் அதனை அழைத்து, வெற்று நினைவிடத்தையும் அதன் அளவையும் தரும். ஒரே ஒரு கடவுத்தொடரைப் பெற இது போதும். பல கேள்விகளைச் சேர்த்துக் கேட்கவும், ஆம், இல்லை என விடை பெறவும், பிழைச்செய்தியைக் காட்டவும் இது போதாது.

எனவே பின்னர் உருவான இடைமுகத்தில், கேட்கவேண்டியவை முதலில் ஒரு பட்டியலாகச் சேர்க்கப்படுகின்றன. கேட்கும் முறை ஐந்து செயற்கூறுகளிடம் விடப்படுகிறது. அவை திறத்தல், எழுதுதல், வெளியிடுதல், படித்தல், மூடுதல் என்னும் வரிசையில் அழைக்கப்படும். எழுதிய பின் வெளியிடுதல் எதற்கு என்று தோன்றலாம். இவ்வமைப்பின் நுட்பமே அதில்தான் உள்ளது. முனையம் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியே காட்டலாம். சாளரச் செயலியோ எழுதும் கட்டத்தில் கேள்விகளைச் சேர்த்துவைத்து, வெளியிடும் கட்டத்தில் ஒரே படிவமாகக் காட்டும். இரண்டிற்கும் அழைப்பு வரிசை ஒன்றே.

தட்டும் எழுத்துகள் திரையில் தெரியாமலிருப்பதே இயல்பு நிலை. தெரியவேண்டுமெனில் நிரலர் வெளிப்படையாகக் கோரவேண்டும். அவர் மறந்தாலும் மறைபொருள் வெளிப்படாது. புதிதாகப் பூட்டும்போது கடவுத்தொடரை இருமுறை கேட்டு ஒப்பிடவும் வழியுண்டு. அப்போது நேரும் தட்டச்சுப் பிழை, உரியவருக்கே திறவுகோலை என்றென்றும் எட்டாததாக்கிவிடும். திறக்கும்போது நேரும் பிழையோ மறுமுயற்சியில் தீரும்.

முனையத்தில் எழுத்துகளை மறைத்துள்ள நேரத்தில் பயனர் பணியை இடைநிறுத்தக்கூடும். அந்நிலையை மீட்காமல் நிரல் முடிந்தால், அதன்பின் அவர் தட்டும் கட்டளைகளும் கண்ணுக்குத் தெரியா. ஆதலால் நிறுத்தக் குறிகையை நூலகமே பிடித்து, முனையத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. விலக்கலையும் பிழையையும் பிரித்தறிய, அவற்றிற்கு வெவ்வேறு எண்களை விடையாகத் தருகிறது.

பயன்பட்ட கடவுத்தொடரை நினைவகத்திலிருந்து அழிப்பதும் எளிதன்று. அவ்விடத்தைச் சுழிகளால் நிரப்பும் கட்டளையை, மீண்டும் படிக்கப்படாத இடத்தில் எழுதும் வீண்வேலை எனக் கருதி நிரல்பெயர்ப்பி நீக்கிவிடலாம். சி மொழி அதற்கு இடமளிக்கிறது. அவ்வாறு நீக்கப்படாதபடி அமைந்த தனிச் செயற்கூறு ஒன்றினாலேயே நூலகம் அவ்விடத்தைத் துடைக்கிறது.