பேதியை நிறுத்தியது கால்சியம்தானா?

சாப்பிட்டுக் கை கழுவியதும் கழிப்பறைக்கு ஓடவேண்டியிருக்கும் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்காரர்களிடம் கால்சியம் மாத்திரைக்கு ஒரு தனி மவுசு உண்டு. எலும்புக்கென்று விற்கும் கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட்டால் பேதி கட்டுப்படுகிறது என்கிறார்கள். கட்டுப்படலாம். மலத்தை இறுக்குவது அந்த மாத்திரையின் பேர்போன பக்கவிளைவுதானே. இன்னொரு வழியும் இருக்கிறது. கொழுப்பைச் செரிக்க இறங்கும் பித்த அமிலங்கள், வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்ப வேண்டியவை. அளவுக்கு மீறிப் பெருங்குடலுக்குள் வந்துவிட்டால், அங்கே நீர் சுரந்து பேதியாகும். கால்சியம் அவற்றில் ஒரு பகுதியைப் பிணைத்துக்கொள்கிறது. பேதி மிகுந்த வகை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தப் பித்த அமிலக் கோளாறு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே மாத்திரை கேட்டது என்றால், நோயின் பெயரே சரிதானா என்று மறுபடி விசாரிக்க வேண்டும். பித்த அமிலத்தைப் பிடிப்பதற்கென்றே கொலஸ்டிரமின் போன்ற மருந்துகள் இருக்கும்போது, எலும்பு மாத்திரையை வைத்துச் சமாளிப்பானேன்?

'எனக்கு நின்றது, அது போதாதா?' என்பார்கள். போதாது. இந்த நோய் தானாகவே ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் புது மாத்திரையைத் தேடுவோம், அடுத்து வரும் இறக்கத்துக்கு மாத்திரை பேர் வாங்கிக்கொள்ளும். இந்த நோய்க்கான மருந்து ஆய்வுகளில் மருந்தே இல்லாத போலி மாத்திரையை விழுங்கியவர்களிலும் பத்தில் நான்கு பேர் வரை குணம் தெரிவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சில வாரம் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று கருதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பார்வையில் இருக்கும் நோயாளிக்கு அது பொருந்தலாம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, வேளைக்கு ஒன்றாக வருடக்கணக்கில் விழுங்குபவருக்குப் பொருந்தாது. 1250 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் இருப்பது 500 மில்லிகிராம் கால்சியம். மூன்று வேளைக்கு 1500. ஒரு நாளுக்கு 1000 போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அதில் பால், கீரை, கேழ்வரகு எல்லாம் அடக்கம். அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது.

கல்லாவது வலித்துக் காட்டிக்கொடுக்கும். சத்தமே இல்லாமல் நடப்பது தைராய்டு மாத்திரைக்கு நேர்வது. நடுவயதுப் பெண்கள் பலர் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் போடுகிறார்கள். அரை மணி கழித்து இட்லியோடு கால்சியம் போனால், அது தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். 2000-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 20 பேருக்குத் தைராக்சினோடு சேர்த்துத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் மூன்று மாதம் கொடுத்தபோது, இரத்தத்தில் தைராய்டு சுரப்பு குறைந்தது. நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் இதே கதிக்குத்தான் ஆளாகின்றன. ஆனால் தைராய்டில் வம்பு அதிகம். தைராய்டு குறைந்தால் மலம் இறுகும். அந்தப் புகழும் கால்சியத்துக்கே போய்ச்சேரும். 'வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று மருத்துவர் கேட்டால், சத்து மாத்திரைதானே என்று கால்சியத்தைப் பலர் சொல்வதே இல்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் தைராக்சின் அளவைக் கூட்டுகிறார். பிறகொரு நாள் கால்சியத்தை விட்டுவிட்டால், கூட்டிய அளவு முழுவதும் உடம்பில் ஏறி நெஞ்சு படபடக்கும், பேதியும் போகும். குடல் நோய் திரும்பிவிட்டதென்று மறுபடி கால்சியம் வாங்கப் போவார்கள்.