பல் டாக்டர் படிப்பு: பஸ்ஸா, விடுதியா?

தஞ்சையில் ஒரு வீடு. குறுவை அறுப்பு நெருங்கும் நேரம். மகளுக்குப் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து விட்டது. தெரு முழுவதும் மிட்டாய் கொடுத்தாயிற்று.

மறுநாளே வாதம் ஆரம்பம். "வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு தினமும் போய் வரட்டும்" என்கிறார் தாயார். "விடுதியில் சேர்த்து விடலாம்" என்கிறார் தகப்பனார்.

எது சரி?

முன்பு இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் 1953-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரிதான். சிதம்பரத்தில் 1980-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய கல்லூரி, பிற்பாடுதான் அரசுக் கல்லூரி ஆயிற்று. புதுக்கோட்டைக் கல்லூரி 2023-ல் திறக்கப்பட்டது. தஞ்சையில் மருத்துவக் கல்லூரி உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரி இல்லை.

நாலு மணி நேரம்

தஞ்சையில் இருந்து புதுக்கோட்டை சுமார் 60 கிலோ மீட்டர். கந்தர்வகோட்டை வழியாகப் பஸ் போகிறது. ரெயிலில் போவதானால் திருச்சியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்சுக்குக் காத்திருப்பது, பஸ் நிலையத்தில் இருந்து கல்லூரிக்குப் போவது எல்லாம் சேர்ந்தால், போக வர நாலு மணி நேரம். வாரம் ஆறு நாளுக்கு 24 மணி நேரம். ஒரு முழு நாள் பஸ்ஸிலேயே போய் விடுகிறது!

பெண்களுக்கு இலவசம்தானே என்று சிலர் நினைக்கலாம். 2021 மே மாதம் தொடங்கிய அந்தச் சலுகை சாதாரண டவுன் பஸ்சுக்குத்தான். வெளியூர் பஸ்சுக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

மெழுகுப் பல்

பல் மருத்துவம் கைவேலைப் படிப்பு. நாலு ஆண்டுப் படிப்பு, பிறகு ஓர் ஆண்டுப் பயிற்சி. முதல் ஆண்டிலேயே மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வேண்டும். அடுத்து மாவுக்கட்டு அச்சு, பல் செட் வரிசை. பஸ்ஸில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். குலுங்குகிற பஸ்ஸில் மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்க முடியுமா? இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு செதுக்கினால் பல்லும் கோணலாகத்தான் வரும்.

மூன்றாம் ஆண்டு முதல் நோயாளிகள் வருகிறார்கள். பல் செட் கட்டுவது ஒரு நாளில் முடியாது. அளவு எடுக்க ஒரு நாள், கடி பார்க்க ஒரு நாள், மாட்டிப் பார்க்க ஒரு நாள். வேர் சிகிச்சையும் பெரும்பாலும் அப்படியே. பல் இல்லாத பாட்டி ஒருவர், சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்து காத்திருப்பார். கந்தர்வகோட்டையில் பஸ் பழுதாகி நின்றால் அவருக்கு யார் பதில் சொல்வது? தவிர, வகுப்பிலும் செய்முறையிலும் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தண்ணீர் நின்றாலும் கணக்கு கணக்குத்தான்.

சிதம்பரம் கதை வேறு

மயிலாடுதுறை, சீர்காழிப் பிள்ளைகளுக்குச் சிதம்பரத்தில் இடம் கிடைத்தால் விடுதிக்கு அவசரம் இல்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம். மயிலாடுதுறையில் இருந்தே 40 கிலோ மீட்டருக்குள்தான். ரெயில் இருக்கிறது. மாணவர்களுக்குச் சீசன் டிக்கெட்டில் சலுகையும் உண்டு. அங்கே தாயார் சொல்வதே நியாயம்.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்கு, கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2020-ல் அறிவிக்கப்பட்டது. அந்த வீட்டில் செலவுக்குப் பயந்து பிள்ளையைப் பஸ்ஸில் அலைய விடுவது வீண்.

மற்ற வீடுகளில் ஒரு காரியம் செய்யலாம். கல்லூரி திறக்கும் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில் தாயாரும் மகளும் தஞ்சை பஸ் நிலையத்தில் பஸ் ஏறட்டும். கல்லூரி வாசல் வரை போய், மாலைக் கூட்டத்தில் திரும்பி வரட்டும். உட்கார இடம் கிடைத்ததா, எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள் என்று தகப்பனார் குறித்துக்கொள்ளட்டும். விடுதி விண்ணப்பத்தை அன்று இரவு எடுத்து வைத்துக்கொண்டு பேசலாம்.