எழுத்துக் கட்டங்களில் பாட்டும் படமும்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர், பின்னாளில் ‘வி.ஐ.’ என்று பிரசித்தி பெற்ற எடிட்டரை 1976-ஆம் ஆண்டு வாக்கில் எழுதத் தொடங்கியபோது, அவர் கைக்கு வாய்த்த ஏ.டி.எம்.-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகளுக்கென்று தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்து விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் ஆகிய திசைகளைக் காட்டும் அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவசியத்தினால் பிறந்த அந்தப் பழக்கம் யந்திரம் மறைந்த பின்னும் மறையவில்லை. வட்டு நிறையப் பாடல்களையும் புகைப்படங்களையும் வீடியோக்களையும் சேர்த்துவைத்துக்கொண்டு, மவுஸைத் தொடாமலே அவற்றைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் பயன்படுத்தும் ரேஞ்சர், யாசி போன்ற டெர்மினல் செயலிகளில் இன்றும் ஜே என்றால் கீழே, கே என்றால் மேலே. இத்தகைய செயலியை உருவாக்குவோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் எத்தனையோ இருப்பினும், அவை யாவும் ஒரே லட்சியத்தில் அடங்கும் என்பது என் அபிப்பிராயம்: விசையை அழுத்திய விரல் ஒரு கணமும் காத்திருக்கலாகாது.

டெர்மினல் என்பது எழுத்துக்களை வைக்கும் கட்டங்களின் தொகுதி. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட வி.டி.-100 டெர்மினலின் திரையில், வரிசைக்கு 80 வீதம் 24 வரிசைகள், ஆக 1,920 கட்டங்கள் இருந்தன. இன்று நம் கணினியில் டெர்மினல் என்று திறந்துகொள்ளும் ஜன்னல், அந்தப் பெட்டியின் நடத்தையைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றும் ஒரு புரோகிராமே. கர்ஸரை இன்ன கட்டத்துக்குக் கொண்டு போ, இனி வருவதைச் சிவப்பில் எழுது என்னும் கட்டளைகள் யாவும், எஸ்கேப் என்ற 27-ஆம் எண்ணுள்ள குறியில் தொடங்கும் சிறு தொடர்களாக, சாதாரண எழுத்துக்களோடு கலந்தே டெர்மினலைச் சென்றடைகின்றன.

விரலிலிருந்து செயலிக்கு வரும் பாதையிலும் இதே சம்பிரதாயந்தான். சாதாரண நிலையில் நாம் தட்டுவதை ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கி வைத்துக்கொண்டு, என்டர் விசை விழுந்த பிறகே முழு வரியாகச் செயலியிடம் ஒப்படைக்கும். தட்டிய கணமே காரியம் நடக்க வேண்டுமானால், இந்த ஏற்பாட்டை விலக்கிவிட்டு ‘ரா’ நிலைக்கு மாற வேண்டும். மாறியவுடன் ஒரு சங்கடம் எழுகிறது. மேல் அம்பு விசை, எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, பெரிய ஏ என்று மூன்று குறிகளை அனுப்புகிறது. எஸ்கேப் விசையோ அவற்றில் முதலாவதை மட்டும் அனுப்புகிறது. ஆகவே எஸ்கேப் குறி வந்ததும், அது தனித்து வந்ததா, அம்பின் முற்பகுதியா என்று அறியச் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என்கர்ஸஸ் என்னும் புகழ்பெற்ற நூலகம் இதற்கென இயல்பாக வைத்திருக்கும் அவகாசம் 1,000 மில்லிசெகண்டு, அதாவது ஒரு முழு விநாடி. தேடல் பெட்டியை மூட எஸ்கேப்பை அழுத்தியவர், அது மூடாமல் நிற்பதைக் கண்டு மறுபடியும் அழுத்துவார். அந்த அவகாசத்தை 25 மில்லிசெகண்டு அளவுக்குக் குறைப்பது சிறு திருத்தமேயாயினும், செயலி கைக்கு இணங்குவது அத்தகைய திருத்தங்களால்தான். செயலி இடையில் பழுதாகி நின்றாலுங்கூட, டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டே வெளியேற வேண்டும்; இல்லாவிடில் அடுத்துத் தட்டும் எழுத்துக்கள் திரையில் தோன்றவே மாட்டா.

திரையில் எழுதும் வித்தையை பெர்க்லியைச் சேர்ந்த கென் ஆர்னால்டு தம் கர்ஸஸ் நூலகத்தில் அழகாக வகுத்துவைத்தார். திரையில் இப்போது இருப்பதையும், அடுத்து இருக்க வேண்டியதையும் நினைவகத்தில் இரண்டு பிரதிகளாக வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்த்து, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்புவது அவர் முறை. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ராட்டாடூயி போன்ற இன்றைய நூலகங்களும் இதையே செய்கின்றன. பட்டியலில் 10,000 பாடல்கள் இருந்தாலும் திரையில் தெரியும் இருபது சொச்சம் வரிகளை மட்டுமே வரைந்தால் போதும்.

உண்மையான சோதனை, கர்ஸர் நிற்கும் கோப்பின் முன்னோட்டத்தைப் படமாகக் காட்டுவதில் வருகிறது. பயனர் ஜே விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்பது வீடியோக்களைத் தாண்டி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் மீது கர்ஸர் படும்போதும் எஃப்.எஃப்.எம்பெக் என்னும் வீடியோக் கருவியை அழைத்து, ஒரு காட்சியைப் பிரித்தெடுத்து, சிறு படமாகச் சுருக்கிய பிறகே அடுத்த விசையைப் படிப்பது என்று எழுதிவிட்டால், பட்டியல் தடுக்கித் தடுக்கி நகரும். விரலை எடுத்த பின்னும் கர்ஸர் தன் போக்கில் இறங்கிக்கொண்டே போகும். பந்தியில் பரிமாறுகிறவரே அடுப்படியில் போய் நின்றுவிட்டால் இலைக்கு முன் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். எனவே விசையைப் படிப்பதும் திரையை வரைவதும் தவிர வேறெதையும் பிரதானச் சுழற்சி ஏற்கலாகாது. படம் எடுப்பது, பாடலின் குறிப்புக்களைப் படிப்பது, கோப்புறையை ஆராய்வது ஆகிய அனைத்தும் பின்னணி வேலையாட்களுக்கு உரியவை. அதிலும், கர்ஸர் ஓரிடத்தில் கண நேரமாவது தங்கிய பின்பே முன்னோட்டத்தைக் கேட்பதும், கர்ஸர் கடந்து சென்றுவிட்ட கோப்புக்கான வேலையை உடனே ரத்து செய்வதும், தாமதமாக வந்து சேரும் படம் இப்போது கர்ஸர் நிற்கும் கோப்புக்கு உரியதுதானா என்று பார்த்த பிறகே அதைத் திரையில் ஏற்றுவதும் அத்தியாவசியம். இந்த ஒழுங்கைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்ளாமல் பிற்பாடு புகுத்த முயல்கிறவர்கள் செயலியை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

எழுத்துக் கட்டத்தில் படம் எப்படி வரும் என்ற கேள்விக்கு விடைகள் பல. எளியது, கட்டத்தின் மேற்பாதியை நிரப்பும் அரைக்கட்ட எழுத்து: எழுத்துக்கு ஒரு வண்ணமும் பின்புலத்துக்கு ஒரு வண்ணமும் கொடுத்தால் ஒரு கட்டம் இரண்டு புள்ளிகளாகி, 24 வரிசைத் திரை 48 புள்ளி உயரம் பெறுகிறது. முகம் தெரியும், ஜாடை தெரியாது. வி.டி.-100-ஐ வெளியிட்ட நிறுவனமே 1980-களில் வழங்கிய சிக்ஸல் முறையில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு புள்ளிகள் ஓர் எழுத்துக்குள் அடங்குகின்றன; ஆறு புள்ளிகளுக்கு 64 நிலைகள் உண்டாதலால், கேள்விக்குறி முதல் அலைக்குறி வரையுள்ள 64 குறிகள் அதற்குப் போதுமானவை. இந்தியரான கோவித் கோயல் உருவாக்கிய கிட்டி டெர்மினலின் முறையோ, முழுப் படத்தையும் சாதாரண எழுத்துக்களாக மாற்றி, 4,096 பைட்டுக்கு மேற்படாத துண்டுகளாக அனுப்புகிறது. இதில் படம் துலக்கமாக வருகிறது; ஆயினும் அது எழுத்துக்களைப் போலத் தானே மறையாது. கர்ஸர் நகர்ந்ததும் பழைய படத்தை நீக்கும் கட்டளையை மறவாமல் அனுப்பாவிட்டால், ஒரு பாடலின் உறைப்படம் மற்றொன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

பாட்டை ஒலிக்கச் செய்யும் பொறுப்பைப் புதிதாக எழுத முயல்வது வீண் பிரயாசை. எம்.பி.வி. என்னும் பிளேயரைப் பின்னணியில் ஓடவிட்டு, அது திறந்துவைக்கும் சாக்கெட் வழியே ஜேசன் என்னும் தரவு வடிவில் கட்டளைகளை அனுப்பினால், நிறுத்துவதும் தாவுவதும் அதன் வேலை.

பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் வந்துவிட்டால் இதுவரை சொன்ன கட்டக் கணக்கு ஆட்டம் காண்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களால் ஆனது. படிப்பவர் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. பரவலாக வழங்கும் ஒரு கணக்கின்படி புள்ளிக்கு மட்டும் அகலம் இல்லை, இகரக்குறிக்கு ஒரு கட்டம் உண்டு. ஆக நான்கு கட்டங்கள். உயிர்க்குறிகள் யாவற்றையும் பூஜ்யமாக எண்ணும் நூலகமோ மூன்று என்கிறது. செயலி மூன்றென்றும் டெர்மினல் நான்கென்றும் கொண்டால், வலப்பக்கத்தில் பாடலின் கால அளவு நிற்கும் பத்தி ஒரு கட்டம் தள்ளிப் போகும், ஓரக்கோடு உடையும், பட்டியலை நகர்த்தும்போது பழைய பெயர்களின் மிச்சம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டத்துக்கு ஒரு குறி என்று வரையும் டெர்மினல்களில் ‘பொன்’ என்பதன் கொம்பு பகரத்துக்கு முன் நிற்பதற்குப் பதிலாகப் பின்னே போய் விழுவதும் உண்டு. வரைவது டெர்மினலின் பணியாதலால், அந்தக் குறையைச் செயலி எழுதுகிறவரால் தீர்க்க முடியாது. ஆனால் அகலத்தை அறிவதற்கு வழி இருக்கிறது. எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 6, சிறிய என் என்ற தொடரை அனுப்பினால், கர்ஸர் இப்போது எந்த வரிசையில், எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று டெர்மினலே பதில் சொல்லும். தொடங்கும்போதே ‘தமிழ்’ என்று ஒரு முறை எழுதி, இந்தக் கேள்வியைக் கேட்டு, கர்ஸர் நகர்ந்தது மூன்று கட்டமா நான்கா என்று பார்த்து, அந்த விதிப்படியே பத்திகளை அளந்துகொள்ளும் செயலியில், கால அளவு தன் இடத்திலேயே நிற்கும்.